சீரியல் அழுகை

எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்கு மிஷின் ஓடாமல்கூட இருக்கும், வாய் ஓடாமல் இருக்காது. முந்தின நாள் சீரியலைக் கிழித்துத் தொங்கவிட்டால்தான் அவளுக்குக் கத்தரியே பிடிக்க வரும்.

அன்று புதிதாகச் சட்டை தைக்க வந்தவளுக்கு அளவெடுத்தபடியே ஆரம்பித்தாள்.

“அம்மா செத்ததுக்கு அழுறாளாம் கதாநாயகி! மூஞ்சியாவது பரவாயில்ல. அவளுக்குக் குரல் குடுத்தவ இருக்காளே, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி மூக்கை உறிஞ்சுறா. அழத் தெரியாத ஜென்மம்!”

அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள்.

“அந்தக் குரல் நான்தாங்கக்கா. எங்கம்மா தவறிப்போன மறுவாரம் பேசினது. நிஜமாவே அழுதுட்டேன், அப்படியே பதிவு பண்ணிட்டாங்க.”

அதே குரல்தான். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தோளளவை மூன்று முறை எடுத்தும் எண் மண்டையில் ஏறவில்லை.

“கை நீளம் எவ்வளவுக்கா?” என்று அவள் மெல்லக் கேட்டாள்.

தன் வாய் நீளத்துக்குக் கையிலிருந்த நாடா போதாதென்று அக்காவுக்குப் பட்டது.