ஊர்வலத்தில் யார் முன்னால்?

இன்று விசுவமடுவில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போய், ஊர்வல ஒழுங்கு பேசும் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளை வீடு வரை ஊர்வலம். மணமகள் சுகந்தியின் தகப்பனார் மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேறியவர். மகளின் ஊர்வலத்தில் தானே தப்பு மேளம் அடித்தபடி முன்னால் நடக்க ஆசைப்பட்டார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா முகத்தைச் சுளித்தார். "உது செத்த வீட்டுக்கெல்லோ அடிக்கிறது? வேணுமெண்டால் கடைசியா, வாகனங்களுக்குப் பின்னால வரட்டும்."

"பரவால்லம்மா, நான் பின்னாடியே வாறேன்," என்று மகளிடம் சொன்னார் தகப்பனார்.

சுகந்தி விடவில்லை. "எங்கட ஆக்கள் கல்யாணத்துக்கும் அடிப்பினம், சாமிக்கும் அடிப்பினம். அப்பா பின்னுக்கு எண்டால் நானும் பின்னுக்குத்தான்."

"அப்ப நானும்," என்றார் மாப்பிள்ளை.

பெரியப்பா திகைத்துப்போனார். "பிறகு முன்னுக்கு ஆர் போறது?"

"நீங்கள் தனியப் போங்கோ அத்தான்," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

தப்பு மேளம் முன்னால் போவதென்று முடிவாகிவிட்டது. மனம் ஒப்பாதவர்களுக்கு வாகனங்களின் பின்னால் இடம் நிறைய இருக்கிறது. யார் யார் அங்கே நடக்கப் போகிறீர்கள்?