எட்டுக்குள்ள வந்தா எட்டும்

சாப்பாட்டுக் கடையில கிண்ணம் வர்றதுக்குள்ள ரவ்தாவுக்குக் கை சும்மா இருக்காது. உப்பு டப்பா, ஹரிஸ்ஸாங்கற மிளகா விழுதுக் குப்பி, எதிர்ல உக்காந்தவன் கழட்டி வெச்ச மூக்குக்கண்ணாடி, எல்லாத்தையும் மேஜை நடுவுக்கு இழுத்துக் கும்பலா வெப்பா. அப்புறம் ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்ப்பா. விரல் போச்சுன்னா உதட்டைப் பிதுக்குவா. போகலைன்னா மூஞ்சியெல்லாம் பல்லு. "பாத்தியா, இதுங்க ரெண்டும் சொந்தம்"ம்பா. கண்ணாடிக்காரன், "அக்கா, என் கண்ணைக் குடு, சாப்பிடணும்"னு கையை நீட்டிக்கிட்டே உக்காந்திருப்பான்.

துனிஸ்ல பாப் எல் கத்ரா பக்கம் ரவ்தா பென் அமோரைத் தெரியாத கடைக்காரன் கிடையாது. நாப்பத்தாறு வயசு. ஆள் ஒட்டடைக் குச்சி, குரல் மட்டும் சந்தையைத் தாண்டிக் கேக்கும். கொண்டையில பென்சிலைச் சொருகிக்கிட்டு, பென்சிலைக் காணோம்னு ஊரையே தேட வைப்பா. கல்யாணம் பண்ணிக்கலை. வாய் இருக்கறவங்க கேக்காம விடுவாங்களா? கேட்டா, "எட்டுக்குள்ள எவனும் வரலை"ம்பா. வந்தவனும் அந்தக் குரலைக் கேட்டுட்டு ஓடியிருப்பான், அது வேற விஷயம்.

எட்டுங்கறது அவ தொழில் கணக்கு. அந்தத் தொழில் பாதிப் பேருக்கு விளங்காது, மீதிப் பேர் விளங்கின மாதிரி தலையை ஆட்டுவாங்க. புரோட்டீன்னு ஒண்ணு இருக்காம். பாலுலயும் இருக்காம், நம்ம உடம்புலயும் இருக்காம். அதைப் பெருசாக்கிப் பார்த்தா மிளகா சரம் மாதிரி ஒரே நூலு. கோத்திருக்கற ஒவ்வொரு மிளகாயும் ஒரு அமினோ அமிலம். அமிலம்னா கக்கூஸ் கழுவற அமிலம் இல்லை, அதை அவளே முதல்ல சொல்லிடுவா. அந்தச் சரம் நீளமாத் தொங்காது. கசங்கிச் சுருண்டு பந்தாக் கிடக்கும். கசங்கினதுல இந்தக் கோடி மிளகா போய் அந்தக் கோடி மிளகாயோட ஒட்டிக்கும். எது எதைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் ரவ்தாவோட பொழப்பு. ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியா நறுக்கினா ஒரு துண்டு எத்தனூண்டு இருக்கும்? அந்தத் துண்டுல எட்டு. அந்த எட்டுக்குள்ள ரெண்டும் இருந்தா, தொடுதுன்னு அர்த்தம்.

"எட்டுக்குள்ள வந்தா எட்டும், தாண்டினா எட்டாது. அவ்வளவுதான் என் படிப்பு"ம்பா.

இதுக்குப் போய் கடல் தாண்டிப் போய்ப் படிச்சிட்டு வந்தா. நம்ம தெருப் பொம்பளைங்க ஜன்னல்ல உக்காந்தபடியே பார்க்கற வேலை இது. யாருக்கு யாரோட தொடுப்புன்னு கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் எதுக்கு?

ஆனா அவ பார்க்கற அழகே தனி. திரையில ஒரு சதுரம், அதுல கட்டம் கட்டமா இருக்கும். தொடுற இடத்துல கறுப்புப் புள்ளி, தொடாத இடம் வெள்ளை. அதுக்கு முன்னாடி கையில டீயை வெச்சுக்கிட்டு, "அடிப்பாவி, இத்தனை தூரம் தள்ளி இருந்துக்கிட்டு இவனைப் பிடிச்சு வெச்சிருக்கியே"ன்னு புள்ளியோட பேசுவா. முழுசா உருவத்தையும் படமாப் போட்டுப் பார்க்கலாமாம். பார்க்க மாட்டா. "படம் கண்ணை ஏமாத்தும். கணக்கு ஏமாத்தாது." கணக்குப் போடற நிரலும் அவளே எழுதினது. வேற யாராவது அதைத் திறந்தா கை ஒடியும்.

இந்த ஒரு வருஷமா அவளுக்கு ஒட்டகப் பைத்தியம். ஒட்டகப் பால் லேசுல உறையாது. அதைத் திரிய வைக்க ஒரு புரோட்டீன் இருக்கு. ஆனா தெற்கே மெதனின் ஊர் வெயில்ல அது கட்டு விட்டுப் போயிடுது. அதை இறுக்கிக் கட்டிட்டா தெற்குச் சீமையில வீட்டுக்கு வீடு ஒட்டகச் சீஸ்தான். ரவ்தா வழி கண்டுபிடிச்சுட்டா. சரத்துல தொண்ணூத்தேழாவதா ஒரு பொடிசு. கிளைசின்னு பேரு, இருக்கறதுலயே சின்னது. அவ சதுரத்துல அதோட வரிசை முழுக்க வெள்ளை. "சுத்தி யாருமே இல்லை, காலி மனை! பொடிசைக் கிளப்பிட்டு ஒரு தடியனை உக்கார வெச்சா, நாலு பக்கமும் பிடிச்சுப்பான்"னு மூணு மாசமா மேஜையைத் தட்டிச் சொன்னா. ஆராய்ச்சிக்கூடத்துல சொன்னா, சலூன்ல சொன்னா, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டே சொன்னா.

இது பலிச்சா ஆராய்ச்சிக்கூடத்துலயே நிரந்தரமா ஒரு இடம். பலிக்கலைன்னா ஒட்டக வேலையை மூடிடுவாங்க, அவ பழையபடி காஃப்ஸாவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பெருக்கல் சொல்லித்தரப் போகணும். மாத்தின புரோட்டீனைச் செஞ்சு பார்க்க ஒரே ஒரு தடவைதான் விடுவாங்க. அதைச் செஞ்சு தரச் சொல்லி ஆர்டர் போற அன்னைக்குக் காலையில, வேலைக்குப் போற வழியில மிளகா விக்கற கெமாயிஸ் மறிச்சான்.

"டாக்டரம்மா, ஒட்டகச் சீஸ் பொறந்துடுச்சா, இன்னும் வயித்துலயேதானா?"

"இன்னைக்கு மதியம் ஆர்டர் போகுது மாமா. ஆனதும் உன் வாயில நானே ஊட்டறேன்."

"பல்லு இருக்கறப்பவே ஊட்டு."

கடையில தொங்கின மிளகா சரத்தை அவ உருவிக் கையில கசக்கிச் சுருட்டினா.

"அடியே! வாங்கிட்டுக் கசக்கு!"

"வாங்கிக்கறேன், கத்தாதே. இதோ பாரு, இதான் என் தொண்ணூத்தேழு. யாரையும் தொடாம மகராசனா நிக்குது."

"பாவம், ஊரை விட்டுத் தள்ளி வெச்சுட்டாங்களா?"

"தள்ளி வெச்சாலும் நூல்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்கே. அதுங்க ரெண்டும் தொட்டுத்தானே..."

அதோட நின்னுச்சு வாய். திறந்தது திறந்தபடி.

நூல்ல கோத்ததுக்கு அக்கம்பக்கம் எட்டுக்குள்ள இல்லாம எங்க போகும்? ஆனா அவ சதுரத்துல தொண்ணூத்தேழுக்கு அந்த ரெண்டு புள்ளிகூட இல்லை. சுத்த வெள்ளை. யாரும் தொடாததால வெள்ளை இல்லை, எண்ணவே இல்லாததால வெள்ளை.

சரத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஓடினா. "மாலை போட்டுக்கிட்டு எங்க, நிக்காஹ்வுக்கா?"ன்னு கெமாயிஸ் கத்தினது காதுல விழலை.

ஆராய்ச்சிக்கூடத்துல போய் நிரலைத் திறந்தா. ஒவ்வொரு அமிலத்துலயும் பக்கவாட்டுல ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும். அவ நிரல் கைக்கும் கைக்கும்தான் தூரம் அளக்கும். கிளைசினுக்குக் கையே கிடையாது. நிரல் கையைத் தேடிப் பார்த்திருக்கு, கிடைக்கலை, சத்தம் போடாம அடுத்ததுக்குத் தாண்டிடுச்சு. அந்தச் சரத்துல இருக்கற கிளைசின் அத்தனைக்கும் இதே கதி. அவ ஒரு வரி சேர்த்தா: கை இல்லைன்னா உடம்புலேர்ந்து அள. வெள்ளை வரிசையில புள்ளி விழ ஆரம்பிச்சுது. விழுந்துச்சு, விழுந்துச்சு, எறும்பு மொய்ச்ச மாதிரி ஆயிடுச்சு. காலி மனையாவது கத்திரிக்காயாவது. இருக்கறதுலயே நெரிசலான சந்து அது. பொடிசா இருந்ததாலதான் அங்க இடுக்கிக்கிட்டு நிக்குது. அங்க தடியனைத் திணிச்சா மொத்தப் பந்தும் பிதுங்கிடும்.

ஆராய்ச்சிக்கூடத் தலைவி நஸீஹா மேடம் அறைக்குப் போனா. அந்தம்மா திரையில ஆர்டர் தயாரா நின்னுச்சு.

"வா வா, உன் தடியனை அனுப்பப் போறேன். கழுத்துல என்னடி மிளகா?"

"மேடம், தொண்ணூத்தேழு காலி இல்லை. என் நிரல்ல தப்பு."

நஸீஹா மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு அவளைப் பார்த்தாங்க. "மூணு மாசமா மேஜையை ஒடைச்சியே."

"ஒடைச்சேன்."

"அப்ப வேற எங்க மாத்தணும்?"

"தெரியலை. மறுபடியும் முதல்லேர்ந்து பார்க்கணும்."

"இன்னைக்கு மதியத்தோட கெடு. போகலைன்னா இந்த வேலையையே மூடிடுவாங்க. உன் இடமும் போச்சு."

"தெரியும் மேடம்."

நஸீஹா மேடம் கதவைப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாங்க. "இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். யாரு வந்து எண்ணப் போறா? அனுப்புவோம். பலிச்சாப் பலிக்கட்டும். பலிக்கலைன்னா, இந்தத் தொழில்ல பலிக்காதது புதுசா? காஃப்ஸா வெயிலை நினைச்சுப் பாரு."

ரவ்தா காஃப்ஸா வெயிலை நினைச்சிருப்பா. அந்த ஒத்தை அறையை, சாக்குக்கட்டித் தூளை, ஏழேழு எவ்வளவுன்னு கத்தற பிள்ளைங்களை நினைச்சிருப்பா. நஸீஹா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாங்க. மவுஸ் மேல கையை வெச்சாங்க. அம்புக்குறி நகர்ந்து அனுப்பற பொத்தானுக்கு வந்து நின்னுச்சு.

ரவ்தா குனிஞ்சா. தலைவியோட கை மேல தன் கையை வெச்சு, ஆள்காட்டி விரல்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு விரலா மவுஸை விட்டுப் பிரிச்சு எடுத்தா.