ஈரலும் வற்றாளங்கிழங்கும்

கண்டியில் ஓர் இறைச்சிக் கடையில் எனக்கு வேலை. இறைச்சியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைச் சைக்கிளில் மேடெல்லாம் மிதித்துப் பழகிய கால் என்னுடையது. அதனால் கண்டியிலிருந்து மடுல்கெல்ல வரை சைக்கிள் பந்தயம் என்றதும் முதலாளி என்னைத்தான் இறக்கினார். முஸ்லிம்காரர்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். எனக்குச் சொந்தச் சைக்கிள் கிடையாது. அவர் கொடுத்தால்தான் ஓட்டம்.

"நாளைலருந்து ஒவ்வொரு நாளும் ஈரல் தின்னு மவன். பச்ச முட்டையும் குடி. அப்பதான் நெஞ்சு தாங்கும்," என்றார்.

"இது எங்க கிறிஸ்தவங்க தபசுகாலம் நானா. பாஸ்கு பெருநாள் வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல எறச்சி ஏறாது."

"நோன்பு நல்லதுதான், நானும் புடிக்கிறவன்தானே. ஆனா ஒன்னோட ஓட வாறவனெல்லாம் ஆளுக்கு அர மாடு திண்டீப்பான். நீ கிழங்க திண்டுட்டு மேடேற ஏலுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "பன்வில மேட்டுல வண்டி இழுக்குதே மாடு, அது ஈரலா திங்குது நானா? புல்லுதானே?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"என்னத்தயும் திண்டு தொல. ஆனா கேக்கிறவங்களுக்கு என்ட கடை எறச்சி திண்டுதான் ஓடுறேண்டு செல்லணும். இல்லாட்டி சைக்கிள் இல்ல!"

நான் இறைச்சிப் பொட்டலங்களைச் சைக்கிள் கூடையில் அடுக்கத் தொடங்கினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இறைச்சி மட்டுமா, முட்டை, மீன், கருவாடு எல்லாவற்றையும் விட்டேன். முட்டையையும் மீனையும் விடும்படி மாதா கோயில் கேட்கவில்லை, அது என் வீம்பு. காலையில் தேங்காய்ப்பால் விட்ட சிவப்பரிசிக் கஞ்சி. மத்தியானம் அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும். இரவில் கேழ்வரகு மாவில் குரக்கன் ரொட்டி. "இப்பிடித் தின்னா பந்தயத்துக்கு முன்னாடியே அரிசிப் பானைதான் தோத்துப்போகும்," என்று என் மனைவி பரிமாறிக்கொண்டே திட்டுவாள். பந்தயத்தன்று விடியற்காலை இனிப்பான வற்றாளங்கிழங்கு அவித்துச் சட்டைப்பைகளில் திணித்து அனுப்பியதும் அவள்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை எல்லாரும் ஒன்றாகத்தான் போனோம். பன்வில தாண்டி மேடு தொடங்கியதும் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். அதுவரை முன்னால் போனவனும் ஒரு வளைவில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினான். நான் கிழங்கைக் கடித்துக்கொண்டே அவனைக் கடந்தேன்.

மடுல்கெல்லயில் முதலாவதாகப் போய் நின்றேன். லொறியில் முன்னமே வந்திருந்த நானா என் தோளைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "என்ட கடை ஈரல் திண்டவன்! இவங்களுக்கு செல்லு மவன், செல்லு!"

கூட்டத்தில் எங்கள் கோயில் ஆட்களும் நின்றார்கள். நான் சைக்கிளில் இருந்தபடியே பையில் மிஞ்சியிருந்த கிழங்கை எடுத்து, எல்லாரும் பார்க்கத் தோலை உரித்து, ஒரு கடி கடித்தேன்.

"எறங்குடா என்ட சைக்கிள உட்டு!"

இறங்கினேன். சைக்கிளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மீதிக் கிழங்கைத் தின்றபடி பன்வில வரை நடந்தே வந்தேன். கால் வலிக்கவே இல்லை.