ரேடியேட்டரில் தேயிலைத் தூள்

எங்கள் பிக்கப்பின் மைல் மீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான் உண்டு. ஐந்தும் ஒன்பதாகி நின்று, பிறகு ஐந்தும் ஒரேயடியாகப் பூச்சியமாக உருண்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலவாக்கலைக்கு வரும் வழியில் அதற்காகவே வண்டியை மெல்ல ஓட்டச் சொல்லி, ஜன்னலை மறந்து மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு முந்திய சுற்றை, வண்டியை முன்னே வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை பார்த்திருப்பார். ஆக, நான் சொல்லப்போகிற நாளில் அது மூன்றாவது சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை மட்டும் பார்த்தால் நேற்றுப் பிறந்த வண்டி மாதிரி இருக்கும். பானட்டைத் திறந்தால்தான் வயது தெரியும்.

வண்டி என் அக்காவின் புருஷனுடையது. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்தவர். துரை சீமைக்குப் போகும்போது விற்ற வண்டியை வாங்கிக்கொண்டு, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் தம் பேரையும் அக்கா பேரையும் வெட்டச் சொல்லிவிட்டு, கொட்டகலைக் கடைவீதிக்குக் குடிவந்தார். பேரை வெட்டினால், குடியிருக்கத் தோட்டம் தந்த லயத்துக் காம்பராவும் போய்விடும். விடிகாலையில் ஆள் சேர்த்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் தலைமைக் கங்காணி சொன்னாராம்: "போய்ட்டு வா. அந்த ஓட்ட வண்டி எத்தன நாளைக்கு ஓடும்? ஒன் எடத்துல வேற ஆள நிறுத்தாம வச்சிருக்கேன்."

நான் அப்போது அட்டனில் படித்து முடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகாத காரியம். ராகலையில் கோவா, லீக்ஸ், கரட் என்று மரக்கறி ஏற்றிக் கொட்டகலை ஸ்டேசனில் சாயங்கால ரயிலுக்கு இறக்குவதுதான் மச்சானின் தொழில். அதில் நானும் தொற்றிக்கொண்டேன். மூன்றாம் மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐந்தாம் மாதத்தில் மச்சானுக்கே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருடங்களில் புது வண்டி நாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. சாமானும் கிடைக்காது. ஆகவே தோட்டத்தில் எது கிடைக்குமோ அது வண்டிக்குள் போனது. விசிறி பெல்ட் அறுந்தபோது, பாக்டரியில் கழித்துப் போட்ட தோல் பட்டையை வெட்டித் தைத்து மாட்டினோம். கால் வைக்கும் பலகை இற்றுப்போனபோது தேயிலைப் பெட்டிப் பலகை அடித்தோம். பெட்டியில் அச்சடித்திருந்த பி.ஓ.பி. என்ற தேயிலைத் தரத்தின் எழுத்து சரியாகக் கிளச்சுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. கதவு இடுக்கில் காற்று வராமல் இருக்கப் பெட்டியின் ஈயத்தாளை மடித்துச் சொருகினோம். வண்டி கொஞ்சங் கொஞ்சமாகத் தேயிலைப் பாக்டரியாக மாறிக்கொண்டிருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

பிரேக்கில் மட்டும் மச்சான் இந்த வேலையெல்லாம் வைத்துக்கொள்ளமாட்டார். லைனிங் தேய்ந்தால், கண்டி வரை போயாவது வாங்கி வந்துதான் மறுவேலை. இறக்கத்தில் மற்ற லொறிக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கொண்டே போவார்கள். இவர் இரண்டாம் கியரில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு இறங்குவார். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து போவான். நான் ஒருமுறை கேட்டதற்கு, "பெட்ரோல மிச்சம் புடிச்சு ஆஸ்பத்திரிக்கா குடுக்கப்போறோம், மாப்ளே?" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை வண்டியை நுவரெலியாவுக்கு, எங்கள் பேச்சில் நூரலைக்கு, கொண்டுபோய்ப் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். ரோட்டில் ஓடலாம் என்று அவர் எழுதித் தந்தால்தான் அடுத்த வருடம் சுமை ஏற்றலாம். அந்த வருடம் நாள் நெருங்கும்போது ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பெரிய ஒழுக்கு இல்லை. சொட்டுச் சொட்டாக. பற்றவைக்கக் கொடுத்தால் ஒரு வாரம் வண்டி நிற்கும், பரிசோதனையோ மறுநாள். பக்கத்துப் பலசரக்குக் கடை நானாவுக்குச் சொந்தமாக ஒரு லொறி உண்டு. அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒரு சொட்டு கீழ வுழுந்தாப் போதும் தம்பி, அந்த ஆள் எழுதமாட்டாரு. என்ட லொறிய அப்பிடித்தான் திருப்பி அனுப்பினாரு. வேற நாள் குடுக்க ஒரு மாசமாச்சு."

ஒரு மாதம் வண்டி நின்றால் ராகலைக்காரர்கள் சுமையை வேறு லொறிக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த பிறகு திருப்பிக் கேட்க முடியாது. அதற்குப் பிறகு என்ன என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அக்காதான் அதை வாய்விட்டுச் சொன்னாள், அரிசி களைந்துகொண்டே.

"பாஸாகலன்னா தோட்டத்துல போயி பேர் பதியச் சொல்லிக் கேக்கணும். இவரு கேக்கமாட்டாரு. நான்தான் போயி அந்தக் கங்காணி முன்னால நிக்கணும்."

மச்சான் வெளியே போய் வண்டியைச் சுற்றி வந்தார்.

நான் சும்மா இருப்பேனா? துரை பங்களாவில் தூக்கிப்போட்ட இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகை ஒன்றில், ஒழுகும் இடத்தில் துணி துவைக்கிற சவுக்காரத்தைக் குழைத்துப் பூசினால் தற்காலிகமாக நிற்கும் என்று படித்திருந்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் மஞ்சள் சவுக்காரத்தில் பாதியைத் தேய்த்து அப்பிவிட்டேன். காலையில் அடியில் விரித்திருந்த சாக்கு காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அக்காவிடம் போய், பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் போட்டிருந்தது என்பது வரை சொன்னேன். மச்சான் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் லிந்துலைக்கு மேலேதான் தெரிந்தது.

பரிசோதகர் மத்தியானம் வரைதான் இருப்பார். காலையிலேயே புறப்பட்டோம். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலவாக்கலை தாண்டும்போது நல்ல தேயிலை வாசம் வந்தது. பாக்டரி பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். பாக்டரி பின்னால் போய்விட்டது, வாசம் போகவில்லை. லிந்துலை ஏற்றத்தில் இன்னும் கூடியது. நானுஓயாவுக்கு ஒரு வளைவு இருக்கும்போது பானட்டுக்கு மேலே ஆவி கிளம்பியது. நல்ல வேளையாக அந்த வளைவில் ஒரு பீலி இருந்தது. மலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கியிருந்த இடம். அங்கேயே ஒதுக்கினோம்.

கொஞ்சம் ஆறவிட்டு, சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து குபுகுபுவென்று பொங்கி ரோட்டில் வழிந்தது தண்ணீர் இல்லை. கறுத்த சாயம். ஊறிப் பருத்த தூள் அதில் மிதந்தது.

"என்ன மச்சான் இது?"

அவர் ஒரு விரலில் தொட்டு, தேய்த்துப் பார்த்து, முகர்ந்தார். "தேயில டஸ்ட்டு. ஒண்ணாம் நம்பரு," என்றார்.

"அது தெரியுது. உள்ள எப்படிப் போச்சு?"

"ராத்திரி நாந்தான் போட்டேன்," என்றார். "தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுறப்ப கையில கத்தி பட்டா என்னா வப்போம்? தூளத்தான வச்சு அமுக்குவோம். ரெத்தம் நின்னுருதுல்ல. இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சேன். நிக்கவும் செஞ்சுச்சே."

"என் சவுக்காரம்னு இல்ல நெனச்சேன்."

"நீ அக்காகிட்ட அவ்ளோ சந்தோசமா சொல்லிக்கிட்டு இருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"எவ்ளோ போட்டீங்க?"

"காயம் பெருசுன்னு ரெண்டு கையள்ளு கூடப் போட்டுட்டேன், மாப்ளே."

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பீலியில் தண்ணீர் குடிக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு வாசமே போதுமாயிருந்தது.

"என்னண்ணே, எஞ்சினுக்குத் தேத்தண்ணி வச்சிருக்கீங்களா?"

"சீனி போட்டாச்சா, வெறுஞ்சாயமா?"

"எங்களுக்குக் குடுக்குற தூளவிட நல்ல தூளால்ல இருக்கு. வண்டியாப் பொறந்திருக்கலாம் போலிருக்கே."

மச்சான் சிரிக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அவ சொன்னது சரிதான். கங்காணி முன்னால அவதான் போயி நிக்கணும்," என்றார், என்னிடம் இல்லை, ரோட்டைப் பார்த்து.

எனக்கு அதைக் கேட்டதும் கை பரபரத்தது. ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் தூள் ஊறி அடைத்திருக்கிறது. மேலேயிருந்து ஊற்றினால் இன்னும் இறுகும். கீழேயிருந்து மேலே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு விசை வேண்டும். விசை பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

மேலும் கீழும் இருந்த ரப்பர்க் குழாய்களைக் கழற்றினேன். சீட்டுக்குப் பின்னால் கிடந்த கிழிந்த டயர் டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை ரேடியேட்டரின் அடிவாயில் மாட்டினேன். மற்ற நுனியைப் பீலிக் குழாயில் மாட்டக் கொண்டுபோனபோது ஒரு பெண் குறுக்கே குடத்தை வைத்தாள்.

"எங்களுக்குத் தண்ணி?"

"அஞ்சு நிமிசம் அக்கா. இந்த வண்டி இன்னைக்கு நூரலைக்குப் போவலன்னா எங்க பொழப்பே போயிரும்."

அவள் மச்சானை ஒருமுறை பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டாள்.

மச்சான் எழுந்து வந்து இரண்டு கையாலும் டியூபை இறுக்கிப் பிடித்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. டியூப் உருண்டு பருத்தது. அப்புறம் மேல்வாயிலிருந்து ஒரு கட்டி தூள் தெறித்து நேராக அவர் வெள்ளைச் சட்டையில் வந்து அப்பியது. அதைத் தொடர்ந்து கறுப்பு, பிறகு செம்பு நிறம், பிறகு பொன்னிறம். கடைசியில் தண்ணீர் தண்ணீராகவே வந்தது. எஞ்சினுக்குள் இருந்ததையும் அடியிலுள்ள திருகைத் திறந்து கழுவி விட்டேன். துணி துவைத்தவள், "கழட்டுங்கண்ணே," என்று மச்சானின் சட்டையை வாங்கி அலசிப் பிழிந்து கொடுத்தாள். கறை முழுதும் போகவில்லை. ஈரத்தோடு அதை மாட்டிக்கொண்டார்.

வண்டி குளிர்ந்து நல்லபடியாக ஏறியது. ஆனால் தூளோடு தூளாக அடைப்பும் போயிருந்தது. நுவரெலியா போய் நிறுத்தியதும் கீழே சொட்ட ஆரம்பித்தது. நான் காலால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தேன். அதற்குள் பரிசோதகர் வந்துவிட்டார். சிங்களவர், குள்ளமான மனிதர், தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். குனிந்தார். பார்த்தார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

"தண்ணி ஒழுகுது," என்றார் தமிழில்.

மச்சான் கறையை மறைக்கச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பரிசோதகர் நிமிர்ந்தார்.

"ரேடியேட்டர் காஞ்சா ஒன் வண்டிதான் நிக்கும். பிரேக் இல்லாட்டி ரோட்டுல போற ஆள் சாகும். பிரேக் காட்டு."

வண்டியை மேட்டில் ஏற்றச் சொன்னார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மச்சானை இறங்கச் சொன்னார். தாமே பின்னால் போய், பின்பலகையைப் பிடித்துப் பள்ளத்தின் பக்கம் இழுத்தார். அசையவில்லை. அங்கே நின்றுகொண்டிருந்த வேறு இரண்டு பேரையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அப்போதும் அசையவில்லை. பிறகு மச்சானோடு ஏறிக்கொண்டு இறக்கத்தில் ஓட்டச் சொன்னார். வண்டி வளைவில் மறைந்தது. திரும்பி வரும் வரை நான் ஈரமான ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் நான் ஒரே இடத்தில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பரிசோதகர் இறங்கும்போது மூக்கைச் சுருக்கினார். "தேத்தண்ணி வாசம் வருதே?"

"தோட்டத்து வண்டிங்க மாத்தயா. அப்பிடித்தான் இருக்கும்," என்றார் மச்சான். அந்தத் துணிச்சல் எங்கேயிருந்து வந்ததோ.

அவர் மீட்டரை எட்டிப் பார்த்தார். "இது எத்தினியாவது சுத்து?"

"மூணாவதுங்க."

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த லொறிக்குப் போகும்போது, ரேடியேட்டரைப் பற்றவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். நானாவின் லொறியை ஒரு சொட்டுத் தண்ணீருக்காகவா திருப்பியிருப்பார்? அது பிரேக் எண்ணெயாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் ஓடியது. நானா அதைச் சொல்லவில்லை.

மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குளிரா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். ராகலைக்குப் போனோம், கோவா ஏற்றினோம். அவர் சுமைக்காரரோடு சிரித்துப் பேசினார், யாரோ கொடுத்த சுருட்டை வாங்கிக் காதில் சொருகினார். திரும்பும்போது நானுஓயா தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை மார்பில் தொங்க, கறைச் சட்டையோடு நல்ல தூக்கம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். அதற்கும் எழவில்லை.

கொட்டகலைக்கு வந்தபோது அக்கா நானாவின் கடை வாசலில் நின்றிருந்தாள். முதலில் அவளுக்குத் தெரிந்தது தொங்கிய தலையும் அந்தச் சட்டையும்தான். அவள் கை முந்தானைக்குப் போனதைக் கண்டேன். அடுத்த நிமிடம் பார்வை பின்னால் போனது. சாக்குச் சாக்காக அடுக்கியிருந்த கோவாவைப் பார்த்தாள். சுமை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்கு வேறென்ன அர்த்தம்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் வந்து அவரை எட்டிப் பார்த்தாள்.

"எழுப்பவா?" என்றேன்.

"வேணாம், தூங்கட்டும். ரெண்டு நாளா கண்ணே மூடல. ஸ்டேசனுக்கு நீயே கொண்டு போ," என்றாள். "மெல்லப் போ, தம்பி. குலுக்காத."

முதல் கியரில், குழி பார்த்து, நடக்கிற ஆளைவிட மெதுவாக ஸ்டேசன் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.