பின்னாலிருந்து வந்த மழை

குவைத்திலிருந்து லீவில் வந்த சித்தப்பா கொண்டுவந்த ஹோம் தியேட்டர், அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எங்களுக்குள் ஒரு பிரச்சினையாகிவிட்டது. அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. திரும்பிப் போகும்போது அதைப் பெரியப்பா வீட்டில் விட்டுப்போவாரா, அடுத்திருந்த எங்கள் வீட்டில் விட்டுப்போவாரா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஒன்பது வயது. அது எங்கள் வீட்டுக்கு வராவிட்டால் சோறு சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால், சரி சாப்பிடாதே என்று அம்மா சட்டியைக் கவிழ்த்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஐந்து, கோடைக்காலம். பெரியப்பாவும் அப்பாவும் அம்மாவும் காலையெல்லாம் உப்பளத்தில் வாரிய உப்பைக் கரையில் குவித்துவிட்டு, மூடாமலே சாப்பிட வந்திருந்தார்கள். மழை பட்டால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்து ஓடிவிடும். ஆனால் வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் டிவியைச் சுற்றி மூன்று ஸ்பீக்கர், பின்சுவரில் ஆணியடித்து இரண்டு, மூலையில் குண்டாக ஒரு ஊஃபர். எடுபிடி வேலை பார்த்த எனக்குச் சித்தப்பா பாடம் நடத்தினார்.

“ஸ்டீரியோன்னா லெஃப்ட்டு, ரைட்டு, அவ்ளோதான். சத்தம் உன் எதிர்ல நிக்கும். சரவுண்டுன்னா சத்தத்துக்கு நடுவுல நீ நிப்ப. புரிஞ்சிதா?”

புரியவில்லை. பலமாகத் தலையாட்டினேன்.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஒரு படத்தைப் போட்டார். அதில் மழை கொட்டியது. முதலில் ஸ்டீரியோ. பெரியம்மா கொட்டாவி விட்டார். இவ்வளவுதானா என்று எல்லோரும் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? சித்தப்பா ரிமோட்டில் சரவுண்டுப் பொத்தானை அழுத்தினார்.

மழை சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே, எங்கும் மழை. என் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

“மழ வந்துட்ச்சிடா, ஏந்துரு” என்று பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். அப்பா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பெரியம்மா மாடியில் காய்ந்த மிளகாயை அள்ள ஓடினார். எதற்கென்று தெரியாமல் நானும் ஓடினேன். தெருமுனை வரை போன பிறகுதான் வெறுங்கால் சுட்டது. மேலே பார்த்தோம். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது சித்தப்பா தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“டிவியிலதான மழ பெய்யிது, எங்க ஓடுனீங்க எல்லாரும்?” என்றாள்.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏமாறாதவங்க சின்னண்ணி ஒருத்தவங்கதான். செட்டு அவங்களுக்குத்தான்” என்று தீர்ப்புச் சொன்னார். நான் துள்ளிய துள்ளலில் ஊஃபர் மேல் விழப்பார்த்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தார். ஓடிய களைப்பு என்று நினைத்தேன்.

சித்தப்பா விமானம் ஏறிய அன்றே ஐந்து ஸ்பீக்கரும் ஊஃபரும் எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டன. எங்கள் அம்மாவை எந்த மிஷினாலும் ஏமாற்ற முடியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அம்மாவின் கண்ணைப் பொத்தி, எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று கேட்பேன். எப்போதும் வலது பக்கத்தையே காட்டுவாள். விளையாடுகிறாள் என்று சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

கல்லூரியில் படித்தபோது பாண்டிச்சேரியில் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காது என்றார் அவர். ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு சத்தம் வரும் திசையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாம். ஆக, பின்சுவரில் பெய்த மழையும் அவளுக்கு டிவிக்குள்தான் பெய்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உப்பள வரப்பில் நடக்கும்போது நான் அவளுக்கு இடது பக்கம் போனால் அம்மா என் கையைப் பிடித்துத் தன் வலது பக்கம் இழுத்துக்கொள்வாள். என் மேல் வெயில் படாமல் இருக்கத்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவேன்.