சிவப்பு மையில் எழுதிய வரி

எந்த மருந்து ஒரு நோயாளிக்கு ஆகாதோ அதை அவருடைய அட்டையின் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவது வடிவு நர்ஸின் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் துணை நர்ஸ் படிப்புப் படித்தபோது முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது அது. மற்றதெல்லாம் நீல மை. சிவப்புப் பேனாவை வெள்ளைக் கோட்டுப் பையில் தனியாக வைத்திருப்பாள். யாரும் தொடக் கூடாது. "டாக்டருக்குக் கண்ணு மங்கினாலும் இது தெரியணும்" என்பாள், டாக்டர் கௌஸ் முகம்மதின் காதில் விழும்படியே.

குவைத்தில் அப்பாசியாவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் இருந்தது அந்தக் கிளினிக். வடிவு அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்து அட்டையை நிரப்புவது அவள் வேலை. டாக்டர் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்முன், அவள் அடுக்கி வைத்த தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். படித்துப் பார்க்க மாட்டார். வடிவு எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

தொண்ணூறில் ஈராக் படை உள்ளே வந்தபோது கிளினிக்கைச் சூறையாடிவிட்டார்கள். நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி, நோயாளிகளின் பழைய அட்டைகள் எல்லாம் போயின. மறு வருஷம் வடிவு திரும்பி வந்தபோது, கைகழுவும் தொட்டிக்கு அடியில் எழுதப்படாத பழைய அட்டைக் கட்டு ஒன்று மட்டும் கிடந்தது. பழைய தொலைபேசி எண் அச்சடித்த, நல்ல கனமான அட்டை. எறிய மனமில்லாமல் அலமாரியில் போட்டு வைத்தாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மே மாதம், ஹூஸ்டனில் நர்ஸாக இருந்த அவள் தங்கை உமாராணி போன் செய்தாள்.

"அக்கா, இங்க கட்டாய ராணுவம் திரும்ப வரப்போகுதாம். ஈராக்குக்கு ஆள் பத்தலையாம். பதினெட்டுலருந்து இருபத்தாறு வயசு வரைக்கும் எடுப்பாங்களாம். எல்லாருக்கும் ஈமெயில் வந்திருக்கு."

"யாரு அனுப்புனது?"

"கோயில்ல பழக்கமான ஒரு மாமி."

"அந்த மாமி பட்டாளத்துலயா இருக்கா?"

"வெளையாடாதக்கா. விஜய்க்குப் பதினெட்டு முடிஞ்சதுமே ராணுவப் பட்டியல்ல பேரைப் பதிஞ்சாச்சு. கிரீன் கார்டுக்காரனும் பதியணும்னு சட்டம். ஓட்டுக் கிடையாது, ஆனா கூப்பிட்டா துப்பாக்கி தூக்கணும். லீவுக்கு அங்க அனுப்புதேன். கொஞ்ச நாள் வச்சுக்க."

அப்படித்தான் உமாராணியின் மகன் விஜயபாஸ்கர் வந்து சேர்ந்தான். பத்தொன்பது வயது. கிரிக்கெட் மட்டை மாதிரி நிமிர்ந்த உடம்பு. வடிவு குடியிருந்த, லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏறுவான், மூச்சு வாங்காது. சண்டைக்குப் பயந்து வந்தவன் இறங்கிய இடமோ சண்டைக்குப் பக்கத்து வீடு. வடக்கே போகிற நெடுஞ்சாலையில் மணல் நிற வண்டிகள் வரிசையாக எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் நின்று பார்ப்பான்.

ஜூலையில் உமாராணி போனில் விஷயத்துக்கு வந்தாள். "அவன் பொறந்ததே குவைத்துல. அஞ்சு வயசு வரைக்கும் உங்க கிளினிக்லதான் காட்டினோம். சின்ன வயசுலயே இழுப்பு இருந்துச்சுன்னு ஒரு பழைய அட்டை இருந்தா, ராணுவத்துல எடுக்க மாட்டாங்க."

"பழைய அட்டை எல்லாம் தொண்ணூறுலயே போச்சே."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும்?"

வடிவு ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பிறந்தபோது அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்தது அவள் கை. மறுநாள் பகலில் டாக்டர் சாப்பிடப் போனதும் அலமாரியைத் திறந்து பழைய அட்டை ஒன்றை எடுத்தாள். ஆனால் இல்லாத இழுப்பைக் கற்பனையாக எழுதினால் எந்த டாக்டரும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் உண்மையான இழுப்புக்காரன் ஒருவனின் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அது கார்மேகத்தின் அட்டை. முதுகுளத்தூர்க்காரன், முப்பத்து நாலு வயது. அவள் இருந்த கட்டடத்திலேயே முதல் மாடியில் ஒரே ரூமில் ஒன்பது பேராகத் தங்கியிருந்தான். நாலு மாதம் முன்பு தலைவலிக்கு ஏதோ மாத்திரை போட்டு நெஞ்சு இறுகி, உதடு நீலம் பாரித்து, கிளினிக்கில் இரண்டு மணி நேரம் மருந்துப் புகை பிடித்துத்தான் பிழைத்தான். அன்று அவன் அட்டையில் சிவப்பில் எழுதினாள்: ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மருந்து எதுவும் கூடாது. மாத்திரைகளின் பெயரை அவனுக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தாள். "எனக்கு நிக்காதுக்கா. அதான் அட்டை உங்ககிட்ட இருக்குல்ல" என்று சிரித்தான்.

அந்த அட்டையிலிருந்து தேதிகளை எண்பத்தெட்டுக்கும் எண்பத்தொன்பதுக்கும் தள்ளி, மருந்தின் அளவைக் குழந்தைக்கு ஏற்பப் பாதியாக்கி, மற்றதை வரிவரியாகப் பெயர்த்து எழுதினாள். பழக்க தோஷத்தில் சிவப்பு வரியையும் எழுதி இரண்டு கோடும் போட்டாள். கௌஸ் முகம்மதுக்கு முன்னால் அங்கே இருந்த டாக்டர் பத்மநாபன் தொண்ணூறில் ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் கையெழுத்தைப் பத்து வருஷம் பார்த்த கண். அதையும் போட்டாள். ஒரே வீச்சில் வந்தது. பின்னால் அவளை அரித்த விஷயங்களில் அது ஒன்று.

இதற்கு ஒரு வாரம் முன்புதான் கார்மேகம் அவளிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தான். அவன் கம்பெனி மூடிவிட்டது. விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு ஏற வேண்டும். வந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லை தாண்டி அமெரிக்கக்காரன் கேம்ப்பில் துணி துவைக்க ஆள் எடுக்கிறார்கள். உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு வேண்டும்.

"இழுப்புக்காரனுக்கு ஃபிட்டுன்னு எழுதவா? அதுக்கு வேற ஆளைப் பாரு. பொய் எழுதுற கை இல்ல இது" என்று விரட்டியிருந்தாள். ரூமில் அவனை எல்லோரும் கேலி செய்தார்கள் என்று கேள்வி. "அமெரிக்கக்காரன் சண்டைக்கு அவன் ஊரு புள்ளைகளே வர மாட்டேங்குது. இவரு போயி கோவணம் கசக்கப் போறாராம், யல்லா, கெளம்புங்க!"

அட்டை எழுதிய மூன்றாம் நாள் கார்மேகம் மறுபடி வந்தான். மூட்டை தூக்கிப் பழகியதில் விஜய்க்கும் அவனுக்கும் சிநேகம். பையன் மனசுக்குள் வைத்திருக்க முடியாமல் அவனிடம் சொல்லியிருக்கிறான்.

கார்மேகம் குரலை உயர்த்தவில்லை. மிரட்டவும் இல்லை. மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அந்தத் தம்பிக்கு இல்லாத நோய எழுதுனீகளாம்ல. எனக்கு இருக்கறத அழிச்சு விட்ருங்கக்கா."

வடிவுக்கு முகம் எரிந்தது.  அவன் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது. ஃபிட் சீட்டு எழுதி அடுக்கின் நடுவில் செருகினாள். டாக்டர் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கார்மேகத்தின் பழைய அட்டையை நாலாகக் கிழித்துப் பஞ்சுத் தொட்டியில் போட்டாள். சீட்டை அவன் கையில் கொடுக்கும்போது மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் விஜய் அட்டையோடு ஹூஸ்டன் திரும்பினான். அக்டோபரில் உமாராணி சிரித்துக்கொண்டே போன் செய்தாள். "அந்தக் கட்டாய ராணுவ மசோதாவை ஓட்டுக்கு விட்டு தூக்கி எறிஞ்சுட்டாங்கக்கா. ஆதரிச்சது ரெண்டே பேராம். சும்மா பயந்துட்டோம்."

"சரி" என்று மட்டும் சொன்னாள் வடிவு.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், உடம்பு தேறட்டும் என்று கேம்ப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கார்மேகம் கிளினிக் படியேறி வந்தான். பதினெட்டுப் படிக்கு மூன்று தடவை நின்றான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தினம் எத்தனையோ பேரைப் பார்க்கிற டாக்டருக்கு அவன் முகம் நினைவில்லை; குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"முன்னாடி இழுப்பு இருந்திருக்கா?"

கார்மேகம் வடிவு நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல சார். அங்க போயித்தான். குப்பைய எரிக்கிற புகை."

"வடிவம்மா, இவர் பழைய அட்டை?"

"இல்ல டாக்டர்." அந்த இரண்டு வார்த்தையில் பொய் இல்லை.

நெஞ்சுக்கு மருந்து எழுதிவிட்டு, அவன் சொன்ன இடுப்பு வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசியும் ஐந்து நாளைக்குப் புரூஃபனும் எழுதி அவளிடம் நீட்டினார். புரூஃபன் கூடாது என்றால் அந்த ஊசியும் கூடாது. ஒரே வகை. ஊசி போடும் அறைக்குள் கார்மேகத்தைக் கூட்டிப் போய்த் திரையை இழுத்தாள்.

"அங்க என்னடா ஆச்சு உனக்கு?"

"ஈரத் துணி மூட்டை தூக்கி இடுப்புப் புடிச்சுக்கிச்சு. கேம்ப்ல இருந்த மருந்துக்காரன் ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தான். அரை மணி நேரத்துல கண்ணு இருட்டிருச்சு. ரெண்டு நாளு ஆக்சிசன்லதான் கெடந்தேன்."

"குடுக்கும்போது ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான்க்கா. எந்த மருந்தாச்சும் ஆகாதான்னு இந்தில ஒரு பாய் கேட்டாரு. எனக்குப் பேரு தெரியல. நீங்க குடுத்த சீட்டைக் காட்டினேன். ஃபிட்டுன்னு இருந்துச்சா, அச்சான்னு குடுத்துட்டாங்க."

வடிவு கையில் ஊசி மருந்துக் குப்பி இருந்தது. வழி ஒன்று அவளுக்குத் தெரியும். குப்பியைத் தொட்டியில் உடைத்து ஊற்றிவிட்டு வெறும் உப்பு நீரை ஏற்றலாம். புரூஃபனுக்குப் பதில் பாராசிட்டமால் மடித்துக் கொடுக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அவனுக்கும் ஆபத்தில்லை, அவளுக்கும் இல்லை. நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் இடது கை உப்பு நீர் பாட்டிலை எடுத்துவிட்டிருந்தது.

"பயப்படாதீகக்கா" என்றான் கார்மேகம், சட்டையைச் சுருட்டிக்கொண்டே. "நான் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

பாட்டிலைக் கீழே வைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், இந்த ஊசி அவனுக்குப் போடக் கூடாது. போட்டா செத்துருவான். அவனுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. வலி மருந்து எதுவும் ஆகாது. அட்டையில எழுதியிருந்தேன். நான்தான் கிழிச்சேன். கிழிச்சுட்டு ஃபிட்டுன்னு சீட்டு எழுதி உங்க கையெழுத்து வாங்கினேன்."

கௌஸ் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

தங்கை மகனின் அட்டையையும் பத்மநாபன் கையெழுத்தையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, கடைச் சாமான் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். நின்றுகொண்டேதான்.

"என் கையெழுத்துல போயிருக்கு, வடிவம்மா."

"ஆமா."

"இத்தனை வருஷத்துல நான் படிக்காம எத்தனை போட்டிருப்பேன்." அவளைக் கேட்பதுபோலவும் இருந்தது, தன்னையே கேட்பதுபோலவும் இருந்தது. பிறகு கண்ணாடியை மாட்டினார். "அவருக்குப் புது அட்டை போடணும். எத்தனை தடவை இழுப்பு வந்துச்சு, என்ன மருந்து, எவ்வளவு குடுத்தோம், எல்லாம் வேணும். ஞாபகம் இருக்கா?"

"முழுசா இல்ல."

"நகல்?"

இருந்தது. ஒரே ஒரு நகல். ஹூஸ்டனில், விஜயபாஸ்கர் என்ற பெயரில்.

அங்கே காலை பத்து மணி. வரவேற்பு மேஜையிலிருந்து போன் செய்தாள். விஜய்தான் எடுத்தான்.

"பெரியம்மா! எப்படி இருக்கீங்க? அந்த கார்டை அம்மா த்ரோ பண்ணச் சொன்னாங்க. நான் இன்னும் வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா. மேலருந்து கீழ வரைக்கும் வாசி."

"எதுக்கு?"

"அது உன்னோடது இல்ல. கார்மேகத்தோடது. அவன் இங்க உக்காந்திருக்கான், மூச்சு முட்டிட்டு."

 போனில் இழுப்பறை திறக்கும் ஓசை கேட்டது.

வரவேற்பில் உட்கார்ந்திருந்த இளைய நர்ஸ் அஃபீஃபா புது அட்டையை எடுத்தாள். அவள் அங்கே சேர்ந்து ஆறு மாதம்தான். டாக்டர் வாசலில் நின்றபடி சொன்னார்: "இனிமே எழுதுற வேலை அஃபீஃபாவுக்கு. நீங்க ஊசி, கட்டு மட்டும் பாருங்க, வடிவம்மா." நாலைந்து நோயாளிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவு தலையாட்டினாள்.

விஜய் வாசித்தான். தேதியையெல்லாம் வடிவு மனசுக்குள் முன்னே தள்ளி, மருந்தின் அளவை இரட்டித்து, திருத்தி உரக்கச் சொன்னாள். அஃபீஃபா எழுதினாள். கார்மேகம் சுவரில் சாய்ந்திருந்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"இதெல்லாம் எழுதுனா அந்தக் கம்பெனி திரும்ப எடுக்காதேக்கா. கலாஸ், முடிஞ்சு போச்சு. ஊருக்குத்தான் ஏத்தி விடுவான்."

"ஏத்தி விடட்டும்."

"உங்களுக்கு என்ன, சொல்லிருவீக." முதல் தடவையாக அவன் குரலில் கோபம் இருந்தது. "தம்பிக்குன்னா எழுதுவீக, எனக்குன்னா நிறுத்துவீக."

வடிவு போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"கடைசியா டாப்ல ஒரு லைன் இருக்கு பெரியம்மா" என்றான் விஜய். "ரெட்ல இருக்கு. அண்டர்லைன் ரெண்டு."

"வாசி."

வாசித்தான். வடிவு திருப்பிச் சொன்னாள். அஃபீஃபா நீலப் பேனாவை அட்டையின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அதுல எழுதாத" என்றாள் வடிவு. கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பக்கம் நீட்டினாள். "இந்தா."