சேனாபதிக்கு ஏற்ற தீனி

நாடகக் கழகத்தின் பணியாளர் குறிப்பில் அவரைப் பற்றி உள்ள வரி இது: "உடைக் கிடங்குப் பொறுப்பாளர்; எலிகளை நேரடியாக ஒழிக்கும் பணியும் இவரைச் சேர்ந்தது." படிப்பவர்கள் கையில் தடியோடு ஒரு வீராங்கனையைக் கற்பனை செய்துகொள்ளலாம். உண்மையில், எலி என்ற பேச்சை எடுத்தாலே அவர் நாற்காலிமேல் ஏறிவிடுவார். கழகத்தில் எல்லோருக்கும் அவர் அத்தை. அவரைவிட மூத்த தையல்காரருக்கும்கூட.

ஒழிப்பு வேலையை அத்தை, ஒரு வயது தாண்டிய அண்ணன் தங்கைப் பூனைகளிடம் ஒப்படைத்திருந்தார். தங்கை மந்திரி வேட்டையாடுவாள். அண்ணன் சேனாபதி மேற்பார்வை பார்ப்பான். கருத்தடை அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை. குட்டிகளுக்கான தீனியையே இன்னும் தின்று பக்கவாட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். தட்டைக் கண்டால் பாய்வான். மெல்லுகிற வழக்கமே கிடையாது. சற்று நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வெளியே வந்துவிடும்.

ஒருநாள் அது ராஜா வேடத்துக்கான வெல்வெட் அங்கிமேல் வந்தது. புது நாடகம் அரங்கேற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா ரெண்டுக்கும் வேற வீடு பாத்துடுங்க அத்தை."

"அப்புறம் எலிய யாரு புடிப்பா?"

"குறிப்புல உங்களத்தானே போட்டிருக்கு!"

அத்தை உடனே சேனாபதியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மருத்துவரிடம் போனார். மருத்துவர் அவனைப் புரட்டிப் பார்த்தார்.

"அவசரத்தைத் தவிர வேற வியாதி இல்லம்மா. ரெண்டும் வளந்தாச்சு, குட்டித் தீனிய நிறுத்துங்க. வளந்த பூனைக்கானது வாங்குங்க. பை பின்னால இருக்கிற பொருள் பட்டியல்ல முதல்ல கறி போட்டிருக்கணும். பழசோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கட்டும்."

அங்கிருந்து போன தீனிக் கடையில், கடைக்காரர் பளபளக்கும் பை ஒன்றை நீட்டினார். "இதுதான்க்கா நல்லா போகுது."

"எங்க பூனைக்கு உள்ள எல்லாமே நல்லாத்தான் போகுதுப்பா. திரும்பி வராம இருக்கணும், அதான் வேணும்."

அத்தை கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சேனாபதி திருப்பிக் கொடுத்த தீனி, காயவைத்தது. கடைக்காரர் பின்வாங்கினார்.

"பல்லே படல பாரு. இதைவிடப் பெருசா, கடிச்சாத்தான் உள்ள போற மாதிரி எடு."

வந்த பைகளின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கறியில் தொடங்கிய ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார்.

"அக்கா! அது பூனைக்கு!"

"தெரியுது. உப்பே இல்ல. இதையே கட்டு."

கிடங்குக்கு வந்ததும் நாடகக் கேடயம் ஒன்றைத் தரையில் கிடத்தி, பழையதும் புதியதுமாகக் கலந்து அதில் பரப்பினார். ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க முடியும்.

"சண்டைக் கேடயத்துல சாப்பாடா அத்தை?" என்றார் தையல்காரர்.

"சேனாபதி வேற எதுல சாப்பிடுவான்?"

பழைய தீனி முழுவதும் மாறிய நேரத்தில் அரங்கேற்றமும் வந்தது. அரக்கன் ராஜாவின் கையைக் கடிக்கப்போகும் காட்சி. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பக்கத்தில் அடுத்த காட்சிக்கான வெல்வெட் அங்கியோடு நின்ற அத்தையின் காலை, சாப்பாட்டு நேரம் தவறாத சேனாபதி சுரண்டினான். கத்திவிடுவானோ என்று பயந்து, தயாராக எடுத்துவந்திருந்த கேடயத்தை அங்கேயே வைத்துத் தீனியைப் பரப்பினார். பக்கத்தில் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

கறுக். மொறுக். கறுக்.

முன்வரிசை மொத்தமும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தது. யாரோ வீலென்று கத்தினார்கள். மேனேஜர் ஓடிவந்து, வாயை நக்கும் சேனாபதியையும் அங்கியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் அத்தையும் காத்திருந்தார்கள். எதுவும் திரும்பி வரவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒரு ரசிகர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த எலும்புச் சத்தம் எப்படி சார் பண்ணீங்க? உடம்பே சிலிர்த்துடுச்சு!"

"அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றார் மேனேஜர். பிறகு அத்தையிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "சேனாபதி சாருக்கு நாளைக்கும் இதே நேரத்துக்குத்தானே பசிக்கும்?" என்று கேட்டார்.

பணியாளர் குறிப்பை யாரும் திருத்தவில்லை. அத்தை இதுவரை ஓர் எலியையும் ஒழித்ததில்லை. ஆனால் இரண்டு இளம் பூனைகள் மென்று தின்னும் தீனியை மட்டும், அவரே கடித்துப் பார்த்து வாங்கிவருகிறார்.